முசப்பா இழுத்து வந்த படகுகள்

பெட்ரோல் வண்டி ஓடும், டீசல் வண்டி இழுக்கும் என்பார் முசப்பா. ஓடுவதற்கு அவருக்கு இடமும் கிடையாது. திப்பாவில் அவர் வீட்டு வாசலிலேயே மலை தொடங்கிவிடுகிறது. அங்கிருந்து மறுபக்கத்து உள்கடல் வரை ஏற்றம், வளைவு, இறக்கம், மறுபடி ஏற்றம். இளந்தாரியாக இருந்த காலத்திலிருந்து அந்த வழியில்தான் அவர் படகுகளை இழுத்துக்கொண்டு போகிறார்.

கடலில் போக வேண்டியதை எதற்கு மலை மேல் ஏற்ற வேண்டும் என்று கேட்கலாம். காரணம் காற்றுதான். திப்பா வெளிக்கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஊர். படகு கட்டுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். படகு வேண்டியவர்களில் பாதிப் பேர் மலைக்கு அந்தப் பக்கம், பாறைகளுக்கு நடுவே கடல் விரல் விரலாகப் புகுந்து கிடக்கிற இடத்தில் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் ‘நாஷி’ என்கிற வடகிழக்குக் காற்று கிளம்பிவிட்டால், முனையைச் சுற்றி அங்கே போக எவனும் துணியமாட்டான். அப்போது எல்லாருக்கும் முசப்பாவின் ஞாபகம் வரும். காற்று நின்றதும் மறந்துவிடுவார்கள். அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

ஆள் குள்ளம், தாடி பாதி நரை. மலைக்காரர்கள் எல்லாரையும்போல அவரும் சின்னக் கோடரித் தலை வைத்த கைத்தடியோடுதான் வெளியே கிளம்புவார். வண்டி ஓட்டும்போது அது இருக்கைக்குப் பக்கத்தில் செருகியிருக்கும். மலையில் பிறந்து, ஆட்டுப்பாலில் வளர்ந்து, கடலைத் தூரத்தில் இருந்தே பார்த்துப் பழகியவர். இத்தனை படகுகளைக் கொண்டுபோய் விட்டவர் ஒன்றிலாவது ஏறிப் போயிருக்கிறாரா என்றால் இல்லை. முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் சாகும் நேரத்தில் சொல்கிற கலிமா அவருக்கு ஞாபகம் வந்துவிடும்.

அப்படிப்பட்டவர் தன் ஒரே மகள் ஷம்ஸாவைக் கடல்காரனுக்குக் கட்டிக்கொடுத்தார். ‘ஆட்டைக் கொண்டுபோய் அலையில கட்டிட்டியேடா’ என்று மலைச் சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளை ஹம்தூன் உள்கடலின் கடைசி மடிப்பில் இருக்கும் ரஹாப் என்கிற ஊர்க்காரன். அந்த ஊருக்கு ரோடு கிடையாது. படகில்தான் போக வேண்டும். அதனால் கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியும் முசப்பா மகள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஷம்ஸாதான் வந்து பார்த்துவிட்டுப் போவாள். வரும்போதெல்லாம் உப்புப் போட்டுக் காயவைத்த மீன் கொண்டுவருவாள். அவருக்கு அதன் வாடையே ஆகாது. ஆனாலும் மகள் எதிரே ஒரு முள்கூட மிச்சம் வைக்காமல் தின்பார்.

அந்தக் குளிர்காலத்தில், நாஷி அடித்த ஒரு இரவில், ஹம்தூனின் படகு பாறையில் மோதி இரண்டாகப் பிளந்தது. எஞ்சினைக் காப்பாற்றிவிட்டான், படகு போய்விட்டது. திப்பாவில் புதுப்படகுக்குச் சொல்லிவைத்தான். படகு தயார். ஆனால் அதைக் கடல் வழியாக ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்று காற்று தணியக் காத்திருந்தான். காற்று தணியவில்லை. மாமனாரிடம் வாய்விட்டுக் கேட்க அவனுக்கு வெட்கம். கடல்காரன் படகை மலை மேல் ஏற்றினான் என்றால் ஊரில் பிள்ளைகள்கூடப் பாட்டுக் கட்டுவார்களே என்று பயம். இப்படியே நாளைக் கடத்திக் கடத்தி, கடைசியில் குலுக்கலுக்கு முதல் நாள் சாயங்காலம் முசப்பாவின் வாசலில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

ரஹாபில் நெய்மீன் வலைக்கு இடம் பிரிக்கும் குலுக்கல் அது. கரைக்கு அருகே எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று ஒவ்வொரு குளிர்காலமும் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். ஒரு விதி உண்டு. ஆள் வந்து நின்றால் போதாது, படகு கரையில் நிற்க வேண்டும். கரையில் படகு இல்லாதவனுக்குச் சீட்டு இல்லை. சீட்டு இல்லாதவனுக்கு அந்தப் பருவம் முழுக்கக் கடலில் இடம் இல்லை. அவன் பக்கத்துப் பட்டணமான கஸபில் யார் படகிலாவது கூலிக்குப் போக வேண்டியதுதான். ஹம்தூன் போனால் ஷம்ஸாவும் கைக்குழந்தையும் ரஹாபில் தனியாக.

“இதை நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா மாப்ளே?”

“காத்து நின்னுடும்னு நினைச்சேன் மாமா.”

“காத்து உனக்குச் சொந்தக்காரனா, நீ நினைச்சா நிக்கிறதுக்கு? குலுக்கல் எப்ப?”

“நாளைக்குப் பொழுது சாயறப்ப, அஸர் தொழுதுட்டு.”

முசப்பா எழுந்து போய் வண்டியின் டயர்களைத் தட்டிப் பார்த்தார்.

விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் படகை ட்ரெய்லரில் ஏற்றினார்கள். ஹம்தூன்தான் கட்டினான். கட்டி முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு வந்தான். முசப்பா போய்க் கயிற்றை ஒரு விரலால் தூக்கினார். அது தொட்டில் கயிறுபோல ஆடியது.

“என்ன மாப்ளே இது?”

“கொஞ்சம் விட்டுத்தான் மாமா கட்டணும். படகு அசையறதுக்கு இடம் வேணும்ல? இறுக்கிக் கட்டினா அலை அடிக்கிறப்ப அத்துக்கும்.”

“எந்த அலை?”

ஹம்தூன் மலையைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். முசப்பா எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு, ட்ரெய்லரில் காலை உதைத்துக்கொண்டு, படகு முனகும்படி இறுக்கிக் கட்டினார். ஹம்தூன் பக்கத்தில் நின்று கயிற்று நுனியைப் பிடித்துக் கொடுத்தான்.

வாதி என்கிற வறண்ட ஆற்றின் கூழாங்கல் படுகையைத் தாண்டி முதல் ஏற்றம் தொடங்கியதும் முசப்பா கியரைக் கீழே தள்ளினார். இனி வண்டி நடக்கும், ஓடாது. டீசல் எஞ்சின் தொண்டையைச் செருமிக்கொண்டு, கல்லையும் மண்ணையும் பின்னால் உதைத்துக்கொண்டு ஏறியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் படகின் மூக்கு பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பியது. புது வெள்ளைப் படகு, அடியில் நீலக் கோடு. கீழே வாதியில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தலையைத் தூக்கி, வானத்தில் படகு போவதைப் பார்த்தன.

ஹம்தூன் பார்க்கவில்லை. அவன் முதல் வளைவிலேயே கண்ணை மூடியவன். பனைமரம் உயர அலையில் சிரித்துக்கொண்டு எஞ்சின் பிடிக்கிறவன், இங்கே கதவுப் பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு ஓதிக்கொண்டிருந்தான்.

“கண்ணைத் தொற மாப்ளே. விழுந்தா சொல்றேன்.”

“வேணாம் மாமா. நீங்க ரோட்டைப் பாருங்க.”

“ரோட்டை நான் பார்த்து எத்தனையோ வருஷமாச்சு. அதுதான் என்னைப் பார்த்துக்குது.”

ரவ்ழா சமவெளிக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. வேலமரங்களுக்கு அடியில் பிக்கப்புகள் வரிசையாக நின்றன, அண்டாக்களில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. முசப்பாவின் பால்ய சிநேகிதன் தாஹி வீட்டுக் கல்யாண விருந்து. நிற்காமல் போக முடியாது. மலையில் அப்படி ஒரு பழக்கம் இல்லை. முசப்பா வண்டியை நிறுத்தினார், ஆனால் எஞ்சினை அணைக்கவில்லை. இறங்கிக் கதவோரம் நின்றார். தாஹி விருந்துக் கூட்டத்திலிருந்து எழுந்து வந்தார். மூக்கோடு மூக்கு வைத்து விசாரித்துக்கொண்டார்கள்.

“என்ன சேதி?” என்றார் முசப்பா.

“சேதி ஒண்ணுமில்ல. எல்லாம் நல்லது. உங்க பக்கம் என்ன சேதி?”

“எங்க பக்கமும் நல்லது. மேல வழி எப்படி?”

“நல்லதுதான், அல்ஹம்துலில்லாஹ். வா, உக்காரு. காபி குடி.”

“இன்னிக்கு வேணாம் தாஹி. அஸருக்குள்ள கீழ போயாகணும். மக வீட்டுப் படகு.”

“ஒரே கப்பு.”

“திரும்பி வர்றப்ப.”

தாஹி வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டார். “உக்காருடா முசப்பா” என்றார். குரல் கொஞ்சம் மாறித்தான் இருந்தது. முசப்பா சிரித்து, அவர் கையைத் தட்டி விலக்கி, வண்டியில் ஏறினார். நேரம் மிச்சமானதாகவே அவர் நினைத்தார். தூசிக்குள் தாஹி நின்றுகொண்டே இருந்தார்.

ஹரீம் மலையின் உச்சிக்குச் சற்று முன்னால் ஒரு முதுகு வரும். இரண்டு பக்கமும் பள்ளம், நடுவே ரோடு. வலப்பக்கம் ஓரிடத்தில் மட்டும் பாறை நிமிர்ந்து ரோட்டுக்கு மேல் கவிந்திருக்கும். அந்த இடத்துக்கு வந்து முசப்பா பிரேக்கை மிதித்தார். போன வாரத்து மழையில் ரோட்டின் இடப்பக்கம் பாதியாகச் சரிந்து கீழே போயிருந்தது. மிச்சம் இருந்தது பிக்கப்பின் அகலம்தான், ஒரு சாண் கூடவோ குறையவோ. வண்டியை வேண்டுமானால் உரசிக்கொண்டு கடத்திவிடலாம். பின்னால் வருகிற படகின் வயிறு வண்டியைவிட அகலம். அது கவிந்த பாறையில் முட்டும். முட்டினால் ட்ரெய்லரின் இடது சக்கரத்துக்குக் காற்றுதான் ரோடு. பின்னால் எடுக்கவும் முடியாது, அந்த முதுகில் ட்ரெய்லரோடு திரும்ப இடமே இல்லை.

முசப்பா இறங்கிச் சக்கரங்களுக்குக் கல் வைத்தார். விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தார். இந்த மலை அவருக்கு இதுவரை துரோகம் செய்ததில்லை. இன்றைக்கும் மலையின் மேல் தப்பில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நெற்றியில் அறைந்துகொண்டார்.

நின்றுகொண்டிருப்பவனிடம் யாரும் கெட்ட சேதி சொல்வதில்லை. எதிரே வருகிறவனைப் பார்த்ததும் ‘என்ன சேதி’ என்று கேட்பதும், வீட்டில் சாவே விழுந்திருந்தாலும் ‘எல்லாம் நல்லது’ என்று சொல்வதும் மலை மரியாதை. உட்கார்ந்து, காபி குடித்து, போதும் என்று கப்பை ஆட்டிக் கொடுத்த பிறகுதான் உண்மைச் சேதி வெளியே வரும். முசப்பாவின் அப்பாவும் அப்படித்தான் சொன்னார், முசப்பாவும் அப்படித்தான் சொல்லுவார். தெரிந்திருந்தும் நின்றபடியே வழியைக் கேட்டு, நின்றபடியே பதிலை நம்பிவிட்டு வந்திருக்கிறார்.

“மாமா,” என்றான் ஹம்தூன், இன்னும் வண்டிக்குள்ளேயே இருந்து. “வந்துட்டோமா?”

“வந்துட்டோம் மாப்ளே. நல்லாவே வந்துட்டோம். கண்ணைத் தொறந்து பாரு.”

அவன் இறங்கி வந்து பார்த்தான். அப்புறம் ரோட்டின் நட்ட நடுவில் உட்கார்ந்துவிட்டான். சூரியன் உச்சியைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஊரான் படகுகளை எல்லாம் கீறல் இல்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தாயிற்று. சொந்த மகள் வீட்டு அடுப்பு எரிய வேண்டிய படகைக் கொண்டுவந்து மலை உச்சியில் முளையடித்தாயிற்று. தன் மேல் முசப்பாவுக்கு அப்போது வந்த கோபத்துக்கு அளவில்லை.

அந்த நேரத்தில்தான் பின்னாலிருந்து வண்டிகளின் சத்தம் கேட்டது. விருந்திலிருந்து மூன்று நான்கு பிக்கப்புகள், பின்பக்கத்தில் நிற்கவும் இடமில்லாமல் ஆட்கள். முன்வண்டியிலிருந்து தாஹி இறங்கினார். ஒரு கையில் காபிக் கூஜா, மறு கையில் கப்புகள்.

“உக்காரு” என்றார்.

“தாஹி, இப்ப காபிக்கெல்லாம்...”

“உக்காருடான்னா.”

முசப்பா உட்கார்ந்தார். பாதாளத்தின் விளிம்பில், சரிந்த ரோட்டுக்கு எதிரே, தாஹி நிதானமாகக் காபி ஊற்றிக் கொடுத்தார். பேரீச்சம்பழத்தையும் நீட்டினார். முசப்பா குடித்தார். இரண்டாவதும் குடித்தார். கப்பை ஆட்டிக் கொடுத்தார். தாஹி தொண்டையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

“சேதி என்னன்னா, மேல ரோடு போயிடுச்சு.”

“தெரியுது” என்றார் முசப்பா.

கூட்டம் சிரித்த சிரிப்பில் பள்ளத்திலிருந்து புறாக்கள் கிளம்பின. ஹம்தூனுக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது.

“கதவைப் புடிச்சேனே, அப்பவாவது புரிய வேணாமா?”

“காபிக்குத்தான் புடிக்கிறன்னு நினைச்சேன்.”

“போறவன் வர்றவன் கதவைப் புடிக்க நான் என்ன ஓட்டலா வச்சிருக்கேன்? எந்திரி. படகை இறக்குவோம்.”

“இறக்கி?”

“தூக்குவோம்.”

எஞ்சின் முசப்பாவின் வண்டியில் தனியாகக் கிடந்தது, இது வெறும் படகுதான். இருந்தாலும் அங்கே வந்திருந்த ஒருவனும் வாழ்நாளில் படகைத் தொட்டவன் இல்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆளுக்கொரு நேரம் தூக்கினார்கள். படகு மூக்கால் தரையைக் குத்தியது. இன்னொரு தடவை தூக்கினார்கள், பின்பக்கம் சாய்ந்து ஒருவனின் காலை நசுக்கப் பார்த்தது. ஹம்தூன் அதுவரை ரோட்டின் நடுவிலேயே நின்றிருந்தான். படகு மூன்றாவது தடவை தடுமாறியபோது அவனால் பொறுக்க முடியவில்லை.

“விடுங்க, விடுங்க! ஆடு தூக்குற மாதிரியா தூக்குறது?” என்று கத்திக்கொண்டே வந்தான். உயரத்துக்கு உயரம் பார்த்து ஆட்களைப் பிரித்தான். விளிம்பைப் பிடிக்க வேண்டிய இடத்தைக் காட்டினான். “நான் ஒரு சொல்லு பாடுவேன். அது முடியறப்பதான் கால் எடுக்கணும். முன்னாலயும் இல்ல, பின்னாலயும் இல்ல.” கடைசியாக அவன் போய் நின்ற இடம் இடப்பக்கம், பள்ளத்து ஓரம். அங்கே நிற்க வேறு யாரும் முன்வரவில்லை. அது அவன் படகு.

அவன் பாடினான். கரையில் படகு இழுக்கும்போது கடல்காரர்கள் பாடுவது. நீளமாக இழுத்து, கடைசியில் வெட்டிவிடுகிற ஒரு கூப்பாடு. படகு மேலே வந்தது. பாறையில் முட்டாமல் பள்ளத்துப் பக்கம் சாய்ந்தபடி தோள்களில் உட்கார்ந்தது. ஒரு அடி. இன்னொரு கூப்பாடு, இன்னொரு அடி. மலைக்காரர்களின் கால்கள், ஆட்டுத்தடத்தில் கண்ணை மூடிக்கொண்டு போகிற கால்கள், விளிம்பைப் பற்றிக் கவலையே படவில்லை. அவர்களுக்குத் தெரியாதது சேர்ந்து நடப்பது மட்டும்தான். அதைக் கடல்காரனின் பாட்டு சொல்லிக்கொடுத்தது.

முசப்பா பின்னால் நடந்தார். அந்த இடத்தில் மழை மண்ணைக் கழுவிவிட்டு அடிப்பாறையை வெளியே காட்டியிருந்தது. பாறை முழுக்கக் கிளிஞ்சல். கல்லாகிப்போன கிளிஞ்சல்கள், சுருள் சங்குகள், ஓரிடத்தில் முள் முள்ளாக ஒரு மீன், வாலை வளைத்தபடி. இந்த மாதிரிக் கற்கள் சின்ன வயதிலிருந்து அவருக்குத் தெரிந்தவைதான், ஆடு மேய்க்கும்போது அவற்றின் மேல்தான் படுத்துத் தூங்குவார். ஆனால் இன்றைக்கு அந்த மீனுக்கு மேலே ஒரு படகு போய்க்கொண்டிருந்தது. படகின் நிழல் மீனின் மேல் விழுந்து, மெல்ல நகர்ந்து, கடந்தது. இந்த மலை ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்தது என்று அரசாங்கத்து ஆட்கள் வந்து சொன்னபோது அவர் தலையை ஆட்டியிருக்கிறார், அவ்வளவுதான். இப்போது அவருக்கு உடம்பு சிலிர்த்தது. அல்லாஹ், நீ எதை எங்கே வைப்பாய், எதை எதன் மேல் நடத்துவாய் என்று வாய்விட்டே சொன்னார்.

படகு அந்தப் பக்கம் போய் இறங்கியது. ட்ரெய்லரைக் கழற்றி, மலைப்பக்கம் கயிறு கட்டி இழுத்துப் பிடித்து, ஒற்றைச் சக்கரம் அந்தரத்தில் சுற்றக் கடத்தினார்கள். கடைசியாக வண்டி. முசப்பா தனியாக ஏறினார். வலப்பக்கக் கதவு பாறையில் உரசிக் கிறீச்சிட்டது, இடப்பக்கச் சக்கரத்துக்கு அடியில் கற்கள் நழுவி விழும் சத்தம் வெகுநேரம் கழித்துக் கீழே கேட்டது. வண்டி நின்ற பிறகும் அவர் கை ஸ்டீயரிங்கை விடவில்லை. தாஹி வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார்.

பிறகு மலைக்காரர்கள் வட்டமாகக் கூடினார்கள். விருந்து முடிந்தால் விருந்து கொடுத்தவனை வாழ்த்தி எழுப்புகிற நத்பா முழக்கம், அன்றைக்கு ஒரு வெள்ளைப் படகைச் சுற்றி எழுந்தது. ஒருவர் நடுவே நின்று, கையை மடக்கி வீசி, வயிற்றின் அடியிலிருந்து கத்தினார். மற்றவர்கள் ஒரே குரலில் திருப்பிக் கொடுத்தார்கள். எதிர்மலை அதை வாங்கி அடுத்த மலைக்குக் கொடுத்தது, அது அதற்கடுத்ததற்கு. முழக்கம் நின்ற பிறகும் மலைகள் தங்களுக்குள் பேசிக்கொண்டே இருந்தன. ஹம்தூன் படகின் மேல் கையை வைத்துக்கொண்டு வாய் பிளந்து நின்றான். புயலில்கூட இப்படி ஒரு சத்தத்தை அவன் கேட்டதில்லை.

எல்லாம் முடிந்து படகைத் திரும்பக் கட்டியபோது நிழல்கள் நீண்டுவிட்டன. அஸருக்குப் போய்ச் சேர முடியாது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. உச்சியில் சிக்னல் கிடைக்கிற ஒரு பாறை உண்டு. ஹம்தூன் அதன் மேல் ஏறி ஷம்ஸாவைக் கூப்பிட்டான்.

“படகு நல்லா இருக்கு. ஆனா வந்து சேர முடியாது, ஷம்ஸா. பொழுது இறங்கி மக்ரிப் ஆயிடும். ஊர்ல காத்திருக்க வேணாம்னு சொல்லிடு.” கொஞ்ச நேரம் கேட்டான். இறங்கி வந்தான்.

“என்ன சொன்னா?” என்றார் முசப்பா.

“வாப்பாவுக்கு ஒண்ணும் ஆகலையேன்னு கேட்டா. இல்லைன்னேன். சரின்னு வச்சிட்டா.”

இறக்கத்தில் முசப்பா பிரேக்கைத் தொடாமல் கியரிலேயே இறக்கினார். ஹம்தூன் கண்ணை மூடவில்லை. ஆனால் அவன் எதையும் பார்த்துக்கொண்டிருந்த மாதிரியும் தெரியவில்லை. ஸைஹ் மேட்டின் வயல்கள் வந்தன, போயின. கஸப் வாதியிலிருந்து கிழக்கே பிரிந்து, கோர் நஜ்துக்குப் போகிற கடைசி ஏற்றத்தில் ஏறினார்கள். அந்த உள்கடலுக்கு மட்டும்தான் ரோடு போகிறது. அங்கே படகைத் தண்ணீரில் இறக்கினால் ரஹாபுக்கு இன்னும் ஒரு மணி நேரம்.

ஏற்றத்தின் முகட்டில், கீழே கடல் தெரிகிற இடத்தில், முசப்பா வண்டியை நிறுத்தினார். நிறுத்தவேண்டும் என்று நினைத்து நிறுத்தவில்லை. கால் தானாகப் போய் மிதித்தது.

கீழே, எப்போதும் காலியாகக் கிடக்கிற அந்தச் சின்னக் கரையில், படகுகள் நின்றன. ஒன்றிரண்டு இல்லை. ரஹாபின் எல்லாப் படகுகளும், மூக்கைக் கரைக்கு மேல் ஏற்றிக்கொண்டு, ஒன்றை ஒன்று ஒட்டி வரிசையாக. சுற்றிலும் செங்குத்தான மலைகள், நடுவே அசையாத பச்சைத் தண்ணீர், அதன் ஓரத்தில் ஒரு ஊரே வந்து உட்கார்ந்திருந்தது. வரிசையின் நடுவில் ஓரிடம் விட்டிருந்தார்கள். ஒரு படகுக்கான இடம்.

“மாமா,” என்றான் ஹம்தூன். கை அந்த இடத்தைக் காட்டியது.

செங்குத்து வளைவுகளில் எப்படி இறங்கினார் என்று முசப்பாவுக்கே பிறகு நினைவில்லை. கரையில் வண்டி நின்றதும் ஊர்ப் பெரியவர் அபூ ஜபர் நடந்து வந்தார். ஹம்தூனுக்குப் பெரியப்பா முறை. வாய்க்குப் பேர்போனவர்.

“வாங்க சம்பந்தி. ஆடு மேய்க்கிற வழியிலேயே வந்தீங்களா, இவ்வளவு நேரம்?”

“குலுக்கல்...” என்றார் முசப்பா.

“இன்னும் போடல. படகு கரையில நிக்கணும்னுதான் விதி. எந்தக் கரைன்னு எங்க பாட்டன் யாரும் சொல்லிட்டுப் போகல.” அபூ ஜபர் குரலைத் தாழ்த்தினார். “உங்க மக இருக்காளே, வலை பின்னிக்கிட்டு இருந்த எங்க முன்னால புள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னா. அழல, கெஞ்சல. ஒவ்வொருத்தனா கையைக் காட்டி, உன் படகு எந்த வழியா வந்துச்சு, உன் படகு எந்த வழியா வந்துச்சுன்னு கேட்டா. அவ்வளவுதான். எல்லாருக்கும் ஒரே பதில்தானே, மலை மேல உங்க வண்டியில வந்துச்சுன்னு? அதை வெளியே சொல்லிக்கத்தான் எங்க எல்லாருக்கும் வெட்கம். அப்புறம் எவன் உக்காந்திருப்பான்?”

முசப்பா வரிசையைப் பார்த்தார். பச்சை விளிம்பு வைத்தது, ஒரே ஏற்றத்தில் இரண்டு டயர் வெடித்து வந்தது. அந்தச் சிவப்பு, உச்சியில் ஆலங்கட்டி மழையில் மாட்டியது. ஓரத்தில் இருக்கும் பழசு, அவர் முதன்முதலாக இழுத்தது, இப்போது அப்பனிடமிருந்து மகன் கைக்குப் போயிருந்தது. தூரத்துக் கடலில் எங்கேயோ போய் மறைந்துவிட்டதாக அவர் நினைத்தவை எல்லாம் அவர் எதிரே நின்றன. ஒவ்வொன்றுக்குப் பக்கத்திலும் அதன் ஆள் நின்றான்.

கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஷம்ஸா குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு சத்தம் போட்டாள்: “வாப்பா, என்ன பார்த்துக்கிட்டு? ரிவர்ஸ் எடுங்க. வெயில் இறங்குது.”

முசப்பா வண்டியில் ஏறி ரிவர்ஸ் கியர் போட்டார். எத்தனையோ கரைகளில், எத்தனையோ இருட்டில், யார் துணையும் இல்லாமல் ட்ரெய்லரைப் பின்னால் தள்ளியவர். ஒரு முழம் போனதும் நிறுத்திவிட்டார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“மாப்ளே, பின்னால நின்னு கொஞ்சம் சொல்லேன். எனக்குக் கண்ணு மறைக்குது.”

ஹம்தூன் மட்டும் போகவில்லை. அத்தனை படகுக்காரர்களும் போய் நின்று, வலது, இடது, இன்னும் வா, இன்னும் வா என்று ஒரே நேரத்தில் கத்தினார்கள். எதுவும் புரியவில்லை. படகு போய் இடத்தில் நின்றது.